கைமூட்டு வலியோடு பெட்ஷீட் மாற்றுவது: எலாஸ்டிக்கா, செருகலா, சும்மா விரிப்பதா?

"எலாஸ்டிக் வைத்த பெட்ஷீட் வாங்கிக்கொள்ளுங்கள், கைவலிக்கு அதுதான் சரி" என்பார் கடைக்காரர். "அந்த நாலாவது மூலையை மாட்டுவதற்குள் உயிர் போய்விடுகிறது" என்பார் வாங்கிப்போனவர். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். கைமூட்டு வலியில் பல வகை உண்டு. கட்டில், மெத்தையிலும் பல வகை உண்டு. இதையெல்லாம் பார்க்காமல் "எது நல்லது" என்று கேட்டால் பதில் கிடைக்காது.

எனக்குக் கட்டைவிரலின் அடிமூட்டில் தேய்மானம். என் அக்காவுக்கு முடக்குவாதம், மணிக்கட்டும் விரல்முட்டிகளும் வீங்கும். எனக்குச் சுலபமாக இருக்கும் வழி அவருக்குச் சரிப்படவில்லை, அவருடையது எனக்கு ஆகவில்லை. 2006-இல் தமிழ்நாட்டில் சிக்குன்குனியா பரவியபோது பிடித்த மூட்டுவலி பல மாதம், சிலருக்கு வருடக்கணக்காக விடாமல் இருந்தது. அப்படி வந்தவர்களின் வலி வேறு தினுசு. ஆகவே எந்த அசைவு உங்கள் கையை வதைக்கிறது என்பதை முதலில் பாருங்கள். அந்த அசைவு இல்லாத வழி எதுவோ அதுதான் உங்களுக்கான வழி. என்ன துணி, என்ன விலை என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

## எதை வைத்து எடைபோடுவது

கிள்ளிப் பிடிப்பது. துணியின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து இழுக்கிறோமே, அதுதான் முதல் எதிரி. விரல்நுனியில் 1 கிலோ அழுத்தத்தோடு கிள்ளினால் கட்டைவிரல் அடிமூட்டில் ஏறத்தாழ 12 கிலோ அழுத்தம் விழுகிறது என்று 1977-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்குப் போட்டது. இறுக்கமான எலாஸ்டிக்கை இழுக்க 1 கிலோ போதாது என்பது மாட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மெத்தையைத் தூக்குவது. 6 இன்ச் கனமுள்ள ரப்பரைஸ்டு காயர் டபுள் மெத்தை 30 கிலோவைச் சுலபமாகத் தாண்டும். அதே அளவு சாதாரண ஃபோம் மெத்தை அதில் பாதி இருந்தால் அதிகம். மூலையை மட்டும் தூக்கினாலும் மணிக்கட்டு மடங்கிய நிலையில் அந்தப் பாரத்தைத் தாங்க வேண்டும். முடக்குவாதக்காரர்களுக்கு இது கிள்ளுவதைவிடக் கொடுமை.

கட்டிலைச் சுற்றி இடம். நம் வீடுகளில் கட்டில் சுவரோடு ஒட்டித்தான் கிடக்கும். பல வீடுகளில் அறை மூலையில், இரண்டு பக்கம் சுவர். போதாக்குறைக்குப் பழைய தேக்குக் கட்டில்களில் மெத்தை சட்டத்துக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கும். மெத்தைக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவில் விரல் நுழையாது, நுழைத்தால் முட்டி மரத்தில் உரசும். இந்த மாதிரிக் கட்டிலில் சில வழிகளை எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிடலாம்.

துவைத்து, பிழிந்து, காயப்போடுவது. விரிப்பதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், பிழிவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 90க்கு 108 இன்ச் பருத்தி பெட்ஷீட் காய்ந்த நிலையிலேயே முக்கால் கிலோ, ஒரு கிலோ இருக்கும். நனைந்தால் இரண்டு மடங்குக்கு மேல். அதைக் கையால் முறுக்கிப் பிழிவதைப் போல மணிக்கட்டுக்குக் கெடுதலான வீட்டு வேலை வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

எத்தனை நாள் குலையாமல் நிற்கும். தினமும் காலையில் இழுத்துச் சரிசெய்ய வேண்டியிருந்தால், வாரத்தில் ஒரு நாள் மிச்சமான வலியை மற்ற ஆறு நாளும் தவணையில் கட்டுகிறோம் என்று அர்த்தம்.

விலையையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் இந்த விஷயத்தில் விலை குறைந்த வழிகளே பெரும்பாலும் நன்றாக இருக்கின்றன என்பதால் அதைக் கடைசியில் வைக்கிறேன்.

## வழி 1: சாதா பெட்ஷீட், நாலு பக்கமும் செருகுவது

அம்மா, பாட்டி காலத்திலிருந்து செய்துவருவது. பீரோவில் ஏற்கெனவே அடுக்கியிருக்கும், புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். கிள்ளிப் பிடிப்பது குறைவு, ஏனென்றால் துணி தளர்வாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு மூலையிலும் மெத்தையைத் தூக்கியாக வேண்டும், பிறகு விரல்களை நீட்டி உள்ளே தள்ள வேண்டும். விரல்நுனி மூட்டுகளில் முண்டு முண்டாகப் புடைத்திருப்பவர்களுக்கு இந்தத் தள்ளல்தான் வலி.

இதிலேயே இருக்க விரும்புகிறவர்கள் சில மாற்றம் செய்துகொள்ளலாம். கையை உள்ளே நுழைக்கும்போது உள்ளங்கை பலகையைப் பார்த்துக் கீழே இருக்கட்டும். அப்போது விரல்முட்டிகள் மெத்தையின் மெத்துப் பக்கம் போகும், பலகையில் இடிபடாது. மெத்தையைத் தூக்க விரல்களை உபயோகிக்காமல் முன்னங்கையை முழங்கை வரை அடியில் விட்டு நிமிர்த்துங்கள். நிமிர்ந்த மூலையின் அடியில் ஒரு சின்னத் தலையணையையோ சுருட்டிய துண்டையோ சொருகிவிட்டால் மெத்தை தானாக நிற்கும், இரண்டு கையும் ஓய்வாகிவிடும். துணியை உள்ளே தள்ள ஒரு மரத் தோசைத் திருப்பி போதும். கைப்பிடியில் பழைய துணியைச் சுற்றித் தடிமனாக்கிக்கொண்டால் விரல்களை இறுக்கி மடக்கத் தேவையில்லை. வெளிநாடுகளில் இதற்கென்றே பிளாஸ்டிக் ஆப்பும் தட்டையான செருகு கருவியும் விற்கிறார்கள். வேலை என்னவோ தோசைத் திருப்பி செய்கிற வேலைதான்.

நாலு பக்கமும் செருக வேண்டும் என்பதும் கட்டாயமில்லை. தலைமாட்டில் மட்டும் நன்றாகச் செருகிவிட்டு மற்ற மூன்று பக்கத்தையும் விட்டுவிடுங்கள். பாதிக்குப் பாதி வேலை குறையும், விரிப்பு ஓரளவுக்கு நிற்கும்.

யாருக்குச் சரி: மெத்தை லேசாக இருந்து, கட்டிலின் மூன்று பக்கமாவது போய்வர இடம் இருந்து, கட்டைவிரல் வலிதான் முக்கியத் தொல்லை என்றால். சட்டத்துக்குள் இறங்கிய மெத்தைக்கு இது வேண்டவே வேண்டாம்.

## வழி 2: எலாஸ்டிக் பெட்ஷீட்

மாட்டிவிட்டால் ஒரு வாரத்துக்குக் குலையாது, அதுதான் இதன் பலம். தினமும் சரிசெய்யும் வேலை இல்லை. ஆனால் மாட்டும் அந்தச் சில நிமிடங்களில் கிள்ளல், இழுவை, தூக்கல் மூன்றும் ஒன்றாக வந்து சேரும்.

பாதிப் பிரச்சினை அளவில் இருக்கிறது. கடையில் நீள அகலம் கேட்டு வாங்குகிறோம், ஆழத்தைக் கேட்பதில்லை. 8 இன்ச் மெத்தைக்கு 8 இன்ச் ஆழமுள்ள ஷீட் என்றால், மேலே ஒரு புரொடெக்டர் கவரும் இருக்கும் பட்சத்தில், கடைசி மூலை எட்டவே எட்டாது. பருத்தி முதல் சலவையில் கொஞ்சம் சுருங்கவும் செய்யும். மெத்தைக் கனத்தைவிட 2 இன்ச், முடிந்தால் 4 இன்ச் அதிக ஆழம் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். தொளதொளவென்று இருந்தால் கொஞ்சம் சுருக்கம் தெரியும், தெரியட்டுமே.

அடுத்தது துணி. நெய்த துணி வளைந்து கொடுக்காது. பனியன் துணியில் தைத்த எலாஸ்டிக் ஷீட் நாலு பக்கமும் இழுபடும், அதனால் மூலையை மாட்ட வேண்டிய பலம் வெகுவாகக் குறைகிறது. ஆன்லைனில் கிடைக்கிறது. திருப்பூர்ப் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் துணியாக வாங்கித் தைத்துக்கொள்ளலாம். சிங்கிள் கட்டிலுக்குப் பெரும்பாலும் ஒட்டுப் போடாமலே அகலம் வந்துவிடும். நாளாவட்டத்தில் பனியன் துணியில் பஞ்சு முடிச்சு எழும்பும், கொஞ்சம் தொய்யும். கைக்கு அது கொடுக்கும் சுகத்துக்கு நான் அதைப் பொருட்படுத்துவதில்லை. சாட்டின் வகைகள் வழுக்கும், பிடிக்க இன்னும் இறுக்கிக் கிள்ள வேண்டியிருக்கும் என்பதால் அவற்றைத் தவிர்க்கலாம்.

இனி மாட்டும் விதம். ஓரத்தைக் கிள்ளி இழுக்காதீர்கள். மூலைப் பையின் உட்புறத்தில் கையை உறை மாட்டிக்கொள்வது மாதிரி நுழையுங்கள். உள்ளங்கை மெத்தையைப் பார்த்து இருக்கட்டும். அப்படியே மெத்தை மூலையின் மேல் கொண்டுபோய் வைத்து, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் கீழ்நோக்கித் தள்ளுங்கள். உடம்பைச் சற்றுச் சாய்த்தால் தள்ளும் பலம் தோளிலிருந்து வரும், விரல்களுக்கு வேலையே இல்லை. மூலை மெத்தையைத் தாண்டி இறங்கியதும் கையை உருவிக்கொள்ளலாம். எலாஸ்டிக் தானாக அடியில் போய்ப் பிடிக்கும்.

எந்த மூலையில் ஆரம்பிப்பது என்பதும் முக்கியம். சுவரோரத் தலைமாட்டு மூலையை முதலில் முடியுங்கள், அப்போது துணி முழுக்கத் தளர்ந்து இருக்கும். வசதியாக நின்று செய்யக்கூடிய கால்மாட்டு மூலையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் கையை விட்டு அல்லாடுகிறார்கள்.

72க்கு 78 இன்ச் கிங் சைஸ் மெத்தை கண்ணுக்குச் சதுரம் மாதிரியே தெரியும். மூன்று மூலை மாட்டிய பிறகுதான் துணியைக் குறுக்கே போட்டிருப்பது தெரியவரும். ஒரே வேலையை இரண்டு தடவை செய்யும் கொடுமை வேண்டாம். தலைமாட்டு வலது மூலையின் உட்பக்கம் சிவப்பு நூலில் நாலு தையல் போட்டு வையுங்கள்.

இதன் மறைமுகச் செலவு எலாஸ்டிக்கின் ஆயுள். குளோரின் பிளீச்சும் உச்சி வெயிலும் எலாஸ்டிக்கைச் சீக்கிரம் இற்றுப்போகச் செய்யும், நிழலில் காயப்போட வேண்டும். இலவம்பஞ்சு மெத்தைக்கு இது பொருந்தவே பொருந்தாது. அதற்கு மூலையே கிடையாது, எல்லாம் உருண்டை, எலாஸ்டிக் இரவோடு இரவாகக் கழன்று வந்துவிடும்.

யாருக்குச் சரி: மணிக்கட்டும் தோளும் பரவாயில்லை, விரல்தான் வலி என்கிறவர்களுக்கு. ஃபோம் மெத்தைக்காரர்களுக்கு. இரவில் புரண்டு புரண்டு படுத்து விரிப்பைச் சுருட்டிவிடுகிறவர் வீட்டில் இருந்தால்.

## வழி 3: செருகாமல் பெரிதாக விரிப்பது

என் ஓட்டு இதற்குத்தான். 36க்கு 72 சிங்கிள் மெத்தையின் மேல் 90 இன்ச் அகல டபுள் பெட்ஷீட்டைப் போட்டால் இரண்டு பக்கமும் 27 இன்ச் தொங்கும். தொங்கும் துணியின் பாரமே அதைப் பிடித்து நிறுத்தும். மெத்தையைத் தூக்க வேண்டாம், மூலையை மாட்ட வேண்டாம். உதறிப் போட்டு உள்ளங்கையால் தடவிவிட்டால் முடிந்தது.

துணி கொஞ்சம் கனமாக இருந்தால்தான் இது நிற்கும். சென்னிமலை கைத்தறி பெட்ஷீட் மாதிரி தடித்த நெசவு வாகானது. மெல்லிய பாலி-காட்டன் இரண்டே நாளில் நடுவில் சுருண்டு கிடக்கும். இங்கேதான் ஒரு சிக்கல்: நிற்பதற்குக் கனம் வேண்டும், துவைப்பதற்குக் கனம் ஆகாது. வாஷிங் மெஷின் இருந்தால் கனத்த துணிக்குப் போங்கள். கையால் துவைக்கும் வீடு என்றால் மெல்லிய துணியையே வைத்துக்கொண்டு, அடியில் வழுக்காத ஏற்பாடு செய்யுங்கள்.

அந்த ஏற்பாடு நம் வீட்டிலேயே இருக்கும். மெத்தையின் மேல் உறை இப்போதெல்லாம் பாலியஸ்டர்தான், வழுக்கும். அதன்மேல் ஒரு பவானி ஜமுக்காளத்தை விரித்து, அதன்மேல் பெட்ஷீட்டைப் போட்டால் சொரசொரப்பு இரண்டையும் பிடித்துக்கொள்ளும். ஜமுக்காளத்தைத் தொட வேண்டிய அவசியம் எப்போதாவதுதான். சமையலறை அலமாரியில் விரிக்கும் ரப்பர் வலைவிரிப்பும் இதற்கு உதவும், ஆனால் வெயில் காலத்தில் முதுகு வேர்க்கும்.

மறைமுகச் செலவு ஒன்று உண்டு, அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தொங்கும் ஓரம் தரையைத் தொட்டால், இரவில் எழுந்து போகும் வயதானவரின் காலில் சிக்கும். விழுந்தால் கைவலியெல்லாம் பெரிய விஷயமாகவே இருக்காது. இறங்கும் பக்கத்தில் தொங்கல் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நிற்க வேண்டும். மற்றப் பக்கம் எவ்வளவு தொங்கினாலும் சரி.

டபுள் கட்டிலுக்கும் இது ஆகும், ஆனால் 108க்கு 108 அளவு வேண்டும். அதை உதறி விரிக்கத் தோளில் தெம்பு வேண்டும். தோள்மூட்டும் சேர்ந்து வலிக்கிறவர்கள் உதறக் கூடாது. சுருட்டி வைத்திருக்கும் விரிப்பைக் கால்மாட்டில் வைத்துத் தலைமாட்டை நோக்கி உருட்டிக்கொண்டே போனால் அலுங்காமல் விரியும். அதனால்தான் துவைத்துக் காய்ந்த பெட்ஷீட்டை மடிக்காமல் பாய் மாதிரி சுருட்டி வைக்கச் சொல்கிறேன்.

யாருக்குச் சரி: முடக்குவாதம், மணிக்கட்டு வீக்கம், கனத்த காயர் அல்லது ஸ்பிரிங் மெத்தை, சுவரோரக் கட்டில், சட்டத்துக்குள் இறங்கிய மெத்தை. அதாவது நம்மில் பாதிப்பேருக்கு மேல்.

## வழி 4: கிளிப்பும், தையல்காரர் பட்டையும்

பெட்ஷீட்டை அடியில் இழுத்துப் பிடிக்கும் கிளிப் செட் இப்போது எல்லா இடத்திலும் விற்கிறது. விளம்பரத்தில் பார்க்கப் பிரமாதம். ஆனால் ஒவ்வொரு கிளிப்பையும் திறந்து மூட வேண்டியது விரல்நுனிதான், அதுவும் மெத்தையின் அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில். கைவலிக்காரர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். வேறு யாராவது வந்து மாட்டிவிடும் வீடு என்றால் அவர் இஷ்டம்.

இதே யோசனையைத் தையல்காரரிடம் கொண்டுபோனால் உருப்படியாக வரும். இருக்கும் சாதா பெட்ஷீட்டின் நாலு மூலையிலும், மூலையிலிருந்து ஒரு முழம் தள்ளி, குறுக்காக 2 இன்ச் அகல எலாஸ்டிக் பட்டை வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். முக்கோணமாக ஒரு வளையம் உண்டாகும். அதற்குள் கை முழுவதும் நுழையும், அதை அப்படியே மெத்தை மூலையின் அடியில் மாட்டிவிடலாம். சுற்றிலும் எலாஸ்டிக் வைத்த ஷீட்டில் எல்லாப் பக்கமும் இழுவை. இதில் மூலையில் மட்டும்தான், அதுவும் தளர்வாக. பட்டை இற்றுப்போனால் பட்டையை மட்டும் மாற்றினால் போதும். புது எலாஸ்டிக் ஷீட் விலையோடு பார்த்தால் தையல் கூலி சொற்பம். கைத்தறி பெட்ஷீட்மேல் ஆசை, ஆனால் நிற்கவும் வேண்டும் என்கிறவர்களுக்கு இதுதான்.

தலைமாட்டு இரண்டு மூலைக்கு மட்டும் பட்டை வைத்துக்கொண்டு கால்மாட்டைத் தொங்கவிடுவது இன்னும் சுலபம்.

## வழி 5: முழுசாக மாற்றாமல் மேல்துணியை மட்டும் மாற்றுவது

பெட்ஷீட்டில் எந்த இடம் அழுக்காகிறது என்று ஒரு தடவை பாருங்கள். தலைப்பக்கம் எண்ணெய், முதுகுப்பக்கம் வேர்வை. ஓரங்கள் எல்லாம் சுத்தமாகவே இருக்கும். அந்த அழுக்காகும் இடத்துக்கு மட்டும் மேலே ஒரு மெல்லிய துணியைப் போட்டு, அதை அடிக்கடி மாற்றினால் என்ன? ஆஸ்பத்திரிகளில் படுக்கையாக இருப்பவர்களுக்கு இடுப்புக்குக் கீழே குறுக்காக ஒரு விரிப்பைப் போட்டு, அதை மட்டும் உருவி மாற்றுகிறார்களே, அதே யோசனைதான்.

இதற்குப் பழைய பருத்தி வேட்டியைவிடப் பொருத்தமான துணி கிடையாது. நாலு முழ வேட்டி 2 மீட்டர் நீளம், ஏறத்தாழ 50 இன்ச் அகலம். 36க்கு 72 இன்ச் சிங்கிள் மெத்தையின் மேல் போட்டால் இரண்டு பக்கமும் 7 இன்ச் மிஞ்சும். துவைத்துத் துவைத்து மெதுவாகியிருக்கும், நனைந்தாலும் கனக்காது, பிழியாமல் கொடியில் போட்டாலே சீக்கிரம் காய்ந்துவிடும். அடியில் இருக்கும் பெட்ஷீட்டை மாதம் ஒரு தடவையோ இரண்டு தடவையோ யாராவது கைகொடுக்கும் நாளில் மாற்றிக்கொள்ளலாம். வேட்டி கலையத்தான் செய்யும். ஆனால் அதைச் சரிசெய்வது ஒரு கையால் தடவிவிடும் வேலை.

இரவில் சிறுநீர் கசியும் பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இதையே இரட்டை அடுக்காகச் செய்யலாம்: முதலில் புரொடெக்டர், மேலே பெட்ஷீட், அதன்மேல் இன்னொரு புரொடெக்டர், இன்னொரு பெட்ஷீட். நடுராத்திரியில் நனைந்தால் மேலே உள்ள இரண்டையும் உருவிப் போட்டுவிட்டுப் படுக்கலாம். விரிக்கும் வேலை விடிந்தபிறகு. பழைய ரப்பர் ஷீட்டைவிடத் துணி மேற்பரப்புள்ள வாட்டர்ப்ரூஃப் கவர் நல்லது, வேர்வையில் ஒட்டாது. விலை கூடுதல், இரண்டு வாங்க வேண்டும் என்பதுதான் செலவு.

## வழி 6: ஆள் வைத்துச் செய்வது

வீட்டுவேலைக்கு வருகிறவரிடம் வாரம் ஒரு நாள் இதையும் சேர்த்துக் கேட்கலாம். கேட்டால் தனியாகக் கூலி பேசிவிடுங்கள், "அப்படியே இதையும் கொஞ்சம்" என்று இழுக்க வேண்டாம். அவருக்கும் மரியாதை, நமக்கும் சொல்லிக் கேட்க உரிமை. இதில் உள்ள குறை, அவர் வராத வாரம் அழுக்கு விரிப்பில்தான் படுக்க வேண்டும்.

மகனோ மகளோ ஞாயிற்றுக்கிழமை செய்கிறேன் என்றால் நல்லது. ஆனால் "அம்மா, அந்த மூலையைக் கொஞ்சம் பிடிச்சுக்கோ" என்பார்கள். அவர்கள் அந்தப் பக்கம் வெடுக்கென்று இழுக்க, இந்தப் பக்கம் அம்மாவின் கட்டைவிரல் வாங்கும். பெட்ஷீட் மாற்ற இரண்டு பேர் தேவையில்லை. கைவலிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து தலையணையை எடுத்துக் கொடுத்தால் போதும்.

## ஒரே பார்வையில்

| வழி | கிள்ளல் | மெத்தை தூக்கல் | துவைக்கும் பாரம் | நிற்கும் நாள் | செலவு |
|---|---|---|---|---|---|
| நாலு பக்கமும் செருகல் | குறைவு | மிக அதிகம் | நடுத்தரம் | 3, 4 நாள் | இல்லை |
| எலாஸ்டிக், நெய்த துணி | ஓரத்தைக் கிள்ளி இழுத்தால் மிக அதிகம் | உண்டு | நடுத்தரம் | வாரம் முழுக்க | அதிகம் |
| எலாஸ்டிக், பனியன் துணி | நடுத்தரம் | கொஞ்சம் | நடுத்தரம் | வாரம் முழுக்க | அதிகம் |
| செருகாமல் விரிப்பது | இல்லை எனலாம் | இல்லை | கனத்த துணியில் அதிகம் | துணியைப் பொறுத்தது | குறைவு |
| கடை கிளிப் | மிக அதிகம் | உண்டு | நடுத்தரம் | வாரம் முழுக்க | குறைவு |
| தையல்காரர் பட்டை | குறைவு | கொஞ்சம் | நடுத்தரம் | வாரம் முழுக்க | குறைவு |
| மேலே வேட்டி | இல்லை | இல்லை | மிகக் குறைவு | தினம் தடவிவிட வேண்டும் | இல்லை |

ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்று இல்லை. தலைமாட்டில் பட்டை, மேலே வேட்டி என்று இரண்டைச் சேர்த்து நடத்தும் வீடுதான் எங்களுடையது.

## தலையணை உறை

இதற்குப் பெரிய ஒப்பீடு தேவையில்லை. இறுக்கமான உறையை வாங்காதீர்கள், அவ்வளவுதான். தலையணை 17க்கு 27 என்றால் உறை ஒரு இன்ச், இரண்டு இன்ச் பெரிதாக இருக்கட்டும். உட்கார்ந்துகொண்டு தலையணையை இரண்டு முழங்காலுக்கு நடுவில் நிறுத்திப் பிடித்து, உறையை மேலிருந்து இரண்டு உள்ளங்கையாலும் இறக்குங்கள். ஜிப் வைத்த உறை என்றால் ஜிப்பின் நுனியில் ஒரு நாடா வளையம் கட்டி, அதற்குள் விரலைவிட்டு இழுக்கலாம். பட்டன் வைத்ததை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

## எப்போது செய்வது, எப்படித் துவைப்பது

காலையில் எழுந்ததும் மூட்டு இறுகியிருக்கும். தேய்மான வாதத்தில் இது பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும், முடக்குவாதத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் இழுக்கும். ஆகவே எழுந்த கையோடு பெட்ஷீட்டை உருவாதீர்கள். வெந்நீரில் குளித்து, காபி குடித்து, கை இளகியபிறகு உருவலாம். புதியதை விரிப்பதைச் சாயங்காலத்துக்குத் தள்ளிப்போடலாம். மெத்தைக்கும் அந்த நேரத்தில் காற்று கிடைக்கும். வீக்கமும் சூடும் இருக்கும் நாளில் தொடவே வேண்டாம்.

காலை இறுக்கம் தினமும் நெடுநேரம் விடாமல் இருந்தாலோ, மூட்டுகள் வீங்கிச் சூடாக இருந்தாலோ வாதநோய் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். முடக்குவாதத்துக்குச் சீக்கிரம் மருந்து தொடங்கினால் மூட்டு கோணிப்போகாமல் தடுக்க முடியும். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது. கட்டைவிரல் அடிமூட்டு வலிக்கு ஸ்ப்ளிண்ட் என்று ஒரு பட்டை தருவார்கள். அதை மாட்டிக்கொண்டு பெட்ஷீட் மாற்றினால் வித்தியாசம் தெரியும்.

துவைக்க மெஷின் வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் முன்பக்கம் திறக்கும் வகையைக் கவனியுங்கள். மேலே திறக்கும் மெஷினில் பெட்ஷீட் அடியில் முறுக்கிக்கொண்டு கிடக்கும், குனிந்து உள்ளே கைவிட்டு இழுத்து எடுக்க வேண்டும். செமி ஆட்டோமேட்டிக்கில் நீர் சொட்டும் துணியை ஒரு தொட்டியிலிருந்து இன்னொரு தொட்டிக்கு மாற்ற வேண்டும், அது இன்னும் மோசம். எதுவானாலும் ஒரு தடவைக்கு ஒரு பெட்ஷீட். மெஷினே இல்லாதவர்கள் பிழியாதீர்கள். குழாய்மேலோ கைப்பிடிச் சுவர்மேலோ தொங்கவிட்டு நீர் வடியவிட்டு, அப்புறம் கொடிக்குக் கொண்டுபோகலாம்.

கொடி நெஞ்சு உயரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. துணியைக் கொடியின் குறுக்கே சரிபாதியாகப் போட்டு இழுத்துவிட்டால் காற்றில் பறக்காது. காற்று பலமாக அடிக்கும் மொட்டை மாடி என்றால்தான் கிளிப் தேவை. சின்ன ஸ்பிரிங் கிளிப் விரலைக் கொல்லும், நீளக் கைப்பிடியுள்ள பெரிய கிளிப்பாக வாங்கி இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அழுத்துங்கள். இஸ்திரி வேண்டாம். காய்ந்ததும் சுருட்டி, அதன் தலையணை உறைக்குள்ளேயே போட்டுவைத்தால் அடுத்த வாரம் பீரோவில் தேட வேண்டியதில்லை.